தொடை எலும்பு முறிந்த 78 வயதுப் பெண்ணின் 14 நாள் மருத்துவமனை வாசம்: ஒரு செவிலியப் பராமரிப்பு நிகழ்வு ஆய்வு

எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். நடமாட்டம் குன்றிய முதியவர்களைப் பராமரித்த அனுபவங்களில், எங்கள் வார்டின் வழக்கங்கள் சிலவற்றையே மாற்றவைத்த ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மருத்துவமனையின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளது. வார்டில் எல்லோரும் அழைத்தபடியே அவரை "அம்மா" என்று குறிப்பிடுகிறேன்.

நோயாளியின் பின்னணி

அம்மா தென் தமிழகத்தின் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். கணவரை இழந்தபின் மகளோடு வசித்துவந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை வாரச் சந்தையில் கீரை விற்றவர். விழுவதற்கு முந்தைய நாள்வரை ஊன்றுகோல் இல்லாமலேயே தெருமுனைவரை நடந்து சென்று பால் வாங்கி வந்தவர். 12 ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தத்துக்கும் 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை உட்கொண்டுவந்தார். விடியற்காலையில் வீட்டின் கொல்லைப்புறத்தில், பாசி படிந்த துவைகல் அருகே வழுக்கி விழுந்திருக்கிறார். முதல் இரண்டு நாட்கள் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, வலி தாங்க முடியாமல் போன பிறகே எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள்.

எக்ஸ்ரேயில் வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருப்பது தெரிந்தது. எடை 43 கிலோ; ஹீமோகுளோபின் 8.6, இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் 2.9; இரண்டுமே குறைவு. இத்தகைய முறிவுக்கு இயன்றவரை ஓரிரு நாட்களுக்குள் அறுவை செய்வதே நல்லது என்றாலும், இரத்தச் சோகையைச் சரிசெய்யவும் இதயப் பரிசோதனையை முடிக்கவும் நாட்கள் ஓடி, அனுமதித்த 5-ஆம் நாளில்தான் அறுவை நடந்தது. அதுவரை காலை இழுத்துப் பிடிக்க 2 கிலோ எடையுடன் டிராக்ஷன் கட்டி, சிறுநீருக்குக் கதீட்டர் குழாய் போட்டு, மலத்துக்கு டயப்பர் கட்டி, மல்லாந்த நிலையிலேயே படுக்கவைக்கப்பட்டிருந்தார்.

விடுப்பு முடிந்து நான் பணிக்குத் திரும்பியது அவரது 3-ஆம் நாளில். இரவுப் பணியிலிருந்தவர் ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: "பெட் ரிடன், கதீட்டர் உள்ளது, புதிதாக ஒன்றும் இல்லை." சில நாட்களுக்கு முன்புவரை பால் வாங்க நடந்துபோன ஒருவரை எங்கள் புத்தகம் படுத்த படுக்கையானவர் என்று எழுதிவிட்டது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அந்தச் சொல் எழுதப்பட்ட பின், அவரை உட்காரவைக்க முடியுமா, அவரே புரளுவாரா, கதீட்டர் இன்னும் தேவையா என்ற கேள்விகளை யாரும் எழுப்புவதில்லை. இந்த நிகழ்வில் நடந்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதல் மதிப்பீடு

தோல் பரிசோதனைக்காக, மகளும் நானும் உடலின் கீழ் குறுக்காக விரித்திருந்த டிரா ஷீட்டைப் பிடித்து அவரைச் சற்றே சாய்த்தோம். கீழே நான்காக மடித்த குளியல் துண்டு ஒன்று இருந்தது; "ஈரம் பட்டா உறுத்தும்னு நான்தான் வச்சேன் சிஸ்டர்" என்றார் மகள். துண்டின் அடியில் ரெக்ஸின் விரிப்பு, துண்டின் மேல் சேலைக் கொசுவத்தின் மடிப்புகள், அதற்கும் மேல் வியர்வையில் கட்டிதட்டிப்போன பவுடர். துண்டின் விளிம்பு வால் எலும்புப் பகுதியில் ஒரு கோடாகவே பதிந்திருந்தது.

அம்மாவின் தோல் கருமை நிறமுடையது. பாடப்புத்தகம் சொல்லும் சிவப்பு இத்தகைய தோலில் தெளிவாகத் தெரியாது. அதனால்தான் மூன்று நாட்களாக யார் கண்ணிலும் படவில்லை. சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கூடுதலாகக் கருத்து, புறங்கையால் தொட்டால் சூடாக, விரலால் அழுத்தினால் நிறம் வெளிறாமல் கெட்டிப்பட்டிருந்த அந்த இடம் 3 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. அது முதல் நிலை அழுத்தப் புண், அதாவது தோல் இன்னும் உடையாத படுக்கைப் புண். வலது குதிகாலில், டிராக்ஷன் கட்டு இறுக்கிய இடத்திலும் தோல் கன்றியிருந்தது.

படுக்கைப் புண்ணுக்கான வாய்ப்பை அளவிட 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோலை எங்கள் வார்டில் பயன்படுத்துகிறோம். உணர்வு, ஈரம், செயல்பாடு, அசைவு, உணவு, உராய்வு என்னும் ஆறு கூறுகளுக்கும் மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 6 முதல் 23 வரை வரும். குறையக் குறைய ஆபத்து அதிகம். அம்மாவுக்கு 11 வந்தது. 10 முதல் 12 வரை அதிக ஆபத்து என்று பொருள். அவரது அனுமதித் தாளில் அந்தக் கட்டம் நிரப்பப்படாமலே இருந்தது.

அன்று காலை வேறொன்றும் கண்ணில் பட்டது. தலைமாட்டில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், நான் 8 மணிக்குப் பார்த்தபோது எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் பிற்பகல் 2 மணிக்கும் இருந்தது. கேட்டதற்குத் தாகம் இல்லை என்றார். மகள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அருகில் உட்கார்ந்து மறுபடி கேட்டேன். "தண்ணி குடிச்சா ரெண்டுக்கும் வரும் தாயி. எல்லாரும் பாக்க துணிய விலக்கி, எம்புள்ள கையால அள்ளணுமா?" என்றார். கதீட்டர் இருப்பதால் சிறுநீர் தானாகவே பைக்குப் போய்விடும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நாற்பது படுக்கைகள் கொண்ட வார்டில் மறைப்புத் திரை இரண்டே இரண்டு. அவையும் வார்டின் கோடியில் மடித்துவைக்கப்பட்டிருந்தன.

அறுவைக்கு முன்

தோல், வலி, கூச்சம் மூன்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருந்தது. வலி தணியாமல் அவரைத் திருப்ப முடியாது. திருப்ப முடியாவிட்டால் புண் வளரும். திரை இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்க மாட்டார்.

தேவைப்படும்போது மட்டும் ஊசி என்றிருந்த வலி நிவாரணத்தை மருத்துவரிடம் பேசி மாற்றினோம். அவர் எடைக்கு ஏற்ப 650 மி.கி. பாராசிட்டமால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் தரப்பட்டது. மாத்திரை தந்த அரை மணி நேரத்துக்குப் பின் நிலை மாற்றுவது என்று முறைப்படுத்தினோம். டிராக்ஷன் இருப்பதால் முழுவதும் ஒருக்களிக்க வைக்க இயலாது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, 20 முதல் 30 டிகிரி மட்டும் இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சாய்த்தாலே வால் எலும்பின் மீதுள்ள சுமை குறைந்துவிடும். கெண்டைக்காலின் கீழ் நீளவாட்டில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்தோம். தண்ணீர் நிரப்பிய கையுறையைக் குதிகாலுக்குக் கீழே வைக்கும் வழக்கம் பல வார்டுகளில் உண்டு. அது அழுத்தத்தை நீக்குவதில்லை என்பதால் அதை எடுத்துவிட்டோம்.

நான் படித்த காலத்தில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, சிவந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிடுவதே முதுகுப் பராமரிப்பு. அக்கறையோடு கற்றுக்கொடுத்தார்கள், நாங்களும் அக்கறையோடு தேய்த்தோம். கன்றிய தோலைத் தேய்த்தால் உள்ளிருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மேலும் சிதையும் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. ஆகவே மிதமான சோப்பால் துடைத்து, ஒற்றி எடுத்து, ஈரப்பதம் காக்கும் களிம்பு பூசுவதோடு நிறுத்திக்கொண்டோம். ரெக்ஸின் விரிப்பையும் துண்டையும் அகற்றிச் சுருக்கமில்லாத பருத்தி விரிப்பு போட்டோம்; சேலைக்குப் பதிலாக முன்பக்கம் திறக்கும் நைட்டி அணிவித்தோம். சேலையில்லாமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. மேலே ஒரு சேலையைப் போர்வையாகப் போர்த்திய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

இரவில் நாற்பது படுக்கைகளுக்கு இரண்டு செவிலியர்களே இருக்கும் இடத்தில் இரண்டு மணிக்கொரு முறை நிலை மாற்ற வேண்டும் என்று எழுதிவைத்தால் அது தாளோடு நின்றுவிடும். வார்டில் ஏற்கெனவே நடந்தே தீரும் வேலைகளோடு அதை இணைத்தோம்: காலை வெப்பநிலை பார்க்கும்போது வலப்பக்கம், ஊசி நேரத்தில் மல்லாந்து, உணவு வரும்போது இடப்பக்கம் என்று, ஓர் அட்டையில் கடிகார முகம் வரைந்து கட்டிலில் தொங்கவிட்டோம். மகள் அதைப் பார்த்துத் தானே நினைவுபடுத்தத் தொடங்கினார். தோலை இழுத்துத் தேய்க்காமல், டிரா ஷீட்டின் இரு ஓரங்களையும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துவதை அவருக்கு மூன்று முறை செய்துகாட்டினேன். நான்காம் முறை அவர் எனக்குச் செய்துகாட்டினார்.

திரைகளில் ஒன்றை அவர் கட்டிலருகே நிரந்தரமாக நிறுத்தினோம். அன்று மாலை பாட்டிலில் பாதித் தண்ணீர் குறைந்திருந்தது.

அறுவையும் அன்றைய இரவும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், ஸ்பைனல் மயக்க மருந்து கொடுத்து, உடைந்த தலைப்பகுதியை நீக்கிச் செயற்கை மூட்டுத் தலையைப் பொருத்தினார்கள். இரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகாமல் தடுக்கும் ஊசி தொடங்கப்பட்டது. மாலையில் ஒரு யூனிட் இரத்தம் ஏற்றும்போது உடம்பில் அரிப்பு ஏற்படவே, வழக்கப்படி ஒவ்வாமைக்கான அவில் ஊசி போடப்பட்டது. வலிக்கு டிரமடாலும் சேர்ந்தது.

நள்ளிரவுக்குப் பின் அம்மா எழுந்து உட்கார முயன்றிருக்கிறார். ஊசிக் குழாயைப் பிடுங்கி, "கீரை வாடுது, வண்டி போயிரும்" என்று சத்தமிட்டிருக்கிறார். கட்டிலிலிருந்து விழுந்துவிடுவார் என்று பயந்து, இரவில் இருந்தவர்கள் இரு கைகளையும் காஸ் துணியால் கட்டிலின் பக்கக் கம்பியோடு கட்டிவைத்தார்கள். காலை 7 மணிக்கு நான் வந்தபோது மணிக்கட்டுகளில் காஸின் வலைத்தடம் பதிந்திருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "வயசாயிருச்சுல்ல, மூளை குழம்பிருச்சுன்னு சொல்றாங்க சிஸ்டர்."

முதலில் கட்டுகளை அவிழ்த்தேன். பிறகு, 1990-இல் முதியோர் மருத்துவர் ஷரோன் இனோயே வகுத்த முறைப்படி நான்கு கேள்விகளைப் பரிசோதித்தேன்: மாற்றம் திடீரென வந்து ஏறி இறங்குகிறதா, கவனம் சிதறுகிறதா, பேச்சு தொடர்பறுகிறதா, விழிப்பு நிலை மாறியிருக்கிறதா. முதல் இரண்டும், பின்னிரண்டில் ஒன்றும் இருந்தால் அது டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம். பள்ளிக்கூடம் போகாதவரிடம் எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வது நியாயமில்லை என்பதால் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னேன். "ஞாயிறு, சனி, வெள்ளி..." என்று வந்தவர் அங்கே நின்று, "வெள்ளிக்கிழம எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும், சீயக்கா எங்க?" என்று தேடத் தொடங்கினார். முந்தைய நாள் காலை இதே அம்மா என்னிடம் பேரன் பேத்திகளை வரிசை தவறாமல் சொன்னவர். மூப்பு ஒரே இரவில் வருவதில்லை. ஒரே இரவில் வந்ததற்குக் காரணம் தேட வேண்டும்.

காரணம் பலவாக இருந்தது. அவில் போன்ற பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் முதியவர்களின் மூளையைக் குழப்பும். சிறுநீரையும் மலத்தையும் தேக்கும். டிரமடால் இரண்டையும் இன்னும் கூட்டும். கதீட்டர் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூக்குக்கண்ணாடி பைக்குள் கிடந்தது. அறுவைக்குப் போகும்போது கழற்றியதைத் திரும்ப யாரும் மாட்டிவிடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது அனுமதித்த நாளிலிருந்து அவர் மலம் கழித்ததாக ஒரு பதிவும் இல்லை. மகளைக் கேட்டேன், விழுந்த நாளிலிருந்தே இல்லையாம். வயிறு உப்பி, இடப்பக்க அடிவயிற்றில் கட்டி தட்டுப்பட்டது.

மருத்துவர் வந்ததும் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். தூக்க ஊசி போடலாமா என்ற யோசனையை அவர் தள்ளிவைத்தார்; அதற்கு இன்றும் நன்றி உடையவளாக இருக்கிறேன். அவிலும் டிரமடாலும் நிறுத்தப்பட்டன. சர்க்கரை அளவும் உப்புச்சத்தும் ஆக்சிஜனும் பார்க்கப்பட்டன. கால்களுக்கிடையே தலையணை வைத்துப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கிளிசரினும் எனிமாவும் கொடுத்ததில் நண்பகலுக்குள் இறுகிய மலம் வெளியேறியது. அதன்பின் கதீட்டரை எடுத்தோம். கண்ணாடியை மாட்டி, ஜன்னலோரப் படுக்கைக்கு மாற்றி, மகளின் முகம் எப்போதும் தெரியும்படி நாற்காலி போட்டோம். பக்கக் கம்பிகளில் கால்மாட்டுப் பக்கத்தை இறக்கிவிட்டு, கட்டிலைத் தாழ்த்தினோம்; முழுவதும் கம்பியடைத்த கட்டிலைத் தாண்ட முயல்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார்.

கதீட்டரை எடுத்தபின் அவர் தானாகச் சிறுநீர் கழிக்கிறாரா என்பது அடுத்த கவலை. பெட்பேன் வைத்தால் வரவில்லை. மூன்றரை மணி நேரம் கழித்து, திரையை இழுத்துவிட்டு, இருவர் தாங்க, கட்டிலருகே வைத்த கமோடு நாற்காலியில் உட்காரவைத்தோம். நானும் திரைக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். சிறிது நேரத்தில் சத்தம் கேட்டது. அளந்தபோது 280 மி.லி. இருந்தது. மூன்றாம் நாளே அந்த நாற்காலியைப் பற்றி யோசித்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. டிராக்ஷனில் அது முடிந்திருக்காது என்றாலும், மலமிளக்கியாவது முடிந்திருக்கும்.

உட்காருதல், நிற்றல், நடத்தல்

நலமுள்ள முதியவர்களைப் 10 நாட்கள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. அந்தப் பத்து நாட்களில் கால்களின் தசை சுமார் ஒரு கிலோ குறைந்திருந்தது. 43 கிலோ எடையுள்ள, நோயுற்ற அம்மாவிடம் செலவழிக்க அவ்வளவு தசை ஏது? அறுவைக்கு மறுநாளே எழுப்ப வேண்டும் என்பதில் அறுவை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் நாங்களும் ஒரே கருத்தில் இருந்தோம். தடை மகளிடமிருந்து வந்தது. "இப்பத்தானே ஆப்பரேசன் முடிஞ்சிருக்கு, அசையாம இருந்தாத்தானே எலும்பு கூடும்?" கட்டுப்போட்ட எலும்பையும் மாற்றிவைத்த மூட்டையும் அவர் ஒன்றாக எண்ணியிருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, இது ஒட்ட வேண்டிய எலும்பு அல்ல, இன்றே பாரம் தாங்கக்கூடியது என்று மருத்துவர் விளக்கிய பிறகே அந்தப் பயம் தணிந்தது.

6-ஆம் நாள் காலை 11 மணிக்கு முதன்முதலாகக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்தோம். படுத்திருந்தபோது இரத்த அழுத்தம் 138/80; உட்கார்ந்து மூன்றாவது நிமிடத்தில் 112/70. மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது நிலைமாற்றத்தால் வரும் தாழ் அழுத்தம். அம்மாவுக்குத் தலை சுற்றியது, நெற்றி வியர்த்தது. படுக்கவைத்துவிட்டோம். பலர் இந்த இடத்தில் "தாங்க மாட்டார்" என்று முடிவு கட்டி இரண்டு நாட்கள் விட்டுவிடுவார்கள். நாங்கள் உப்பிட்ட மோரும் கஞ்சித் தண்ணீரும் கொடுத்து, பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் செய்து, தலைப்பக்கத்தைப் படிப்படியாக உயர்த்தினோம். மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். பிற்பகலில் கமோடு நாற்காலிக்கு மாறியபோது அழுத்தம் 14 மட்டுமே இறங்கியது, தலைசுற்றல் இல்லை.

7-ஆம் நாள் வாக்கரைப் பிடித்து நின்றார். 8-ஆம் நாள் நான்கு அடி எடுத்துவைத்தார்; அன்று கிழமைகளையும் பின்னிருந்து பிழையில்லாமல் சொன்னார். நடையைத் தனிப் பயிற்சியாக வைக்காமல், கழிப்பறைக்குப் போவது, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று அவருக்குத் தேவையான காரியங்களோடு சேர்த்தோம். டயப்பர் இரவுக்கு மட்டும் என்றானது, பிறகு அதுவும் நின்றது.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் முட்டை, தயிர், மீன் தந்தால் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் பத்தியம் வைத்திருந்தார்கள். ரசம் சோறும் பிரெட்டும்தான் உள்ளே போயின. அவர் எடைக்கு நாளொன்றுக்கு 52 கிராம் புரதமாவது தேவைப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் 20 கிராம்கூடத் தேறவில்லை. பத்தியத்தை மறுத்துப் பேசினால் வீட்டுப் பெரியவர்களை அவமதித்ததாகிவிடும். அவர்கள் விலக்காத பாசிப்பருப்புக் கஞ்சி, பால், வேகவைத்து மசித்த சுண்டல் ஆகியவற்றிலிருந்து தொடங்கினோம். காயம் சுத்தமாக ஆறுவதை மகளே கண்ணால் பார்த்த 9-ஆம் நாளில், மருத்துவமனை தரும் முட்டையைச் சோற்றோடு மசித்துக் கொடுக்க அவரே முன்வந்தார்.

விளைவும் குறையும்

வால் எலும்புப் பகுதியில் இருந்த கன்றல் 9-ஆம் நாளில் மறைந்தது. குதிகால் அப்படி ஆகவில்லை. டிராக்ஷனின்போது ஏற்பட்ட சேதம் 6-ஆம் நாளில் 2 சென்டிமீட்டர் கொப்புளமாக வெளிப்பட்டது; அது இரண்டாம் நிலைப் புண். சர்க்கரை நோயாளியின் குதிகாலில் புண் என்பது சாதாரணமானது அல்ல. டிராக்ஷன் கட்டை ஒவ்வொரு பணி நேரத்திலும் ஒருமுறை அவிழ்த்துத் தோலைப் பார்த்திருந்தால் இது தவிர்க்கப்பட்டிருக்கும். கைகளைக் கட்டியதும் தவிர்த்திருக்கக்கூடியதே; ஆனால் இரண்டு பேர் நாற்பது பேரைப் பார்க்கும் இரவில் அவர்களுக்கு வேறு வழி காட்டாமல் அவர்களை மட்டும் குறை கூறுவது அறமாகாது. இப்போது எங்கள் வார்டில் அறுவையான முதியவர்களுக்கு முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும் துணைக்கு இருவர் தங்க அனுமதி உண்டு. ரிப்போர்ட் புத்தகத்தில் "பெட் ரிடன்" என்று எழுதுவதற்குப் பதிலாக, விழுமுன் எப்படி நடந்தார், இன்று எதுவரை செய்கிறார், கடைசியாக மலம் கழித்தது எப்போது என்ற மூன்றையும் எழுதுகிறோம்.

14-ஆம் நாள் வீடு திரும்பும்போது, ஒருவர் அருகில் இருக்க, வாக்கருடன் 15 மீட்டர் நடந்தார். தரையில் சம்மணமிடக்கூடாது, குந்தக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது என்பவை நம் வீடுகளில் சொல்வதற்கு எளிது, கடைப்பிடிப்பதற்குக் கடினம்; அவர்கள் வீட்டிலிருப்பது குந்தும் கழிப்பறை. இருக்கையில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலியை அதன்மேல் பொருத்துவது, கட்டிலை முழங்கால் உயரத்துக்கு உயர்த்துவது, கொல்லைப்புறக் கல்லைத் தேய்த்துக் கழுவுவது ஆகியவற்றை மருமகனிடம் பேசி, அவர் கைப்பேசியில் எடுத்துவந்த படங்களைப் பார்த்து உறுதிசெய்த பிறகே டிஸ்சார்ஜ் எழுதப்பட்டது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கிராமப் பணியாளருக்குத் தகவல் அனுப்பி, இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே தொடர ஏற்பாடு செய்தோம்.

ஆறு வாரம் கழித்துப் புறநோயாளியாக வந்தார். குதிகால் ஆறி, புதுத்தோல் வெளிறித் தெரிந்தது. வாக்கர் இன்னும் தேவைப்படுகிறது. தெருமுனைவரை தனியாகப் போக இயலவில்லை. தரையில் உட்கார்ந்து கீரை ஆய முடியவில்லையே என்பதுதான் அவரது பெரிய குறை. மேசையில் வைத்து ஆயலாமே என்றேன். "மேசையில வச்சா தண்டு எங்க கெடக்கு, இலை எங்க கெடக்குன்னே தெரியல தாயி" என்றார். மடியில் வைத்துக்கொள்ள விளிம்பு உயர்ந்த ஒரு முறம் வாங்கித் தருவதாக மகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த நோயாளியின் பெயரை அழைத்தார்கள்.